பாவித்த பாய்ப்படகு: விலை மலிவு, கணக்கு வேறு

பாவித்த வாகனம் வாங்குவது எப்படி என்று நம் வியாபாரிகளுக்கு எவரும் பாடம் நடத்தத் தேவையில்லை. ஜப்பானிலிருந்து வந்திறங்கிய வேனின் கதவை ஒரு தடவை திறந்து மூடிப் பார்த்தே அதன் சரித்திரத்தைச் சொல்லக்கூடியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். ஆனால் அதே ஆட்கள் ஒரு பழைய பாய்ப்படகின் முன்னால் நின்றால், மெருகேற்றிய தேக்குப் பலகையையும் வெள்ளைப் பாயையும் பார்த்து விலையை மட்டும் பேசத் தொடங்கிவிடுவதை நான் கண்டிருக்கிறேன்.

கடந்த சில மாதங்களில் இரண்டு வாசகர்கள் ஏறத்தாழ ஒரே கேள்வியை இப்பத்திக்கு அனுப்பியிருந்தார்கள். ஒருவர் திருகோணமலையில் விருந்தினர் விடுதி நடத்துபவர். உல்லாசப் பயணிகளை ஏற்றிச் செல்ல வெளிநாட்டில் ஒரு பழைய பாய்ப்படகை வாங்கலாமா என்று கேட்கிறார். மற்றவரின் மகன் இங்கிலாந்தில் தொழில் பார்க்கிறார். அவர் அங்கேயே ஒன்றை வாங்கப் போவதாகச் சொல்லித் தந்தையிடம் பணம் கேட்டிருக்கிறார். “ஒரு காரின் விலைக்கு வீடு போல ஒரு படகு கிடைக்கிறது என்கிறான், இதில் ஏதும் சூது இருக்கிறதா?” என்பது தந்தையின் கேள்வி. காலித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் முப்பது வருடங்களாகப் படகுச் சாமான் கடை நடத்தியவன் என்ற முறையிலும், 2019ஆம் ஆண்டு என் தங்கச்சியின் மகன் இங்கிலாந்தில் இப்படி ஒரு படகு வாங்கியபோது கூடவே நின்றவன் என்ற முறையிலும் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

சூது ஒன்றும் இல்லை. விலை உண்மையிலேயே மலிவுதான். ஏன் மலிவு என்பதை விளங்கிக் கொண்டால் மீதி எல்லாம் விளங்கிவிடும்.

முதலில் எந்த வகைப் படகைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். பந்தயம் ஓடும் படகு அல்ல. ஒரு மணித்தியாலம் கரையோரமாகச் சுற்றிவரும் சிறு படகும் அல்ல. உள்ளே நாலைந்து பேர் படுக்கக் கட்டில், சிறு சமையலறை, தண்ணீர்த் தாங்கி, டீசல் இயந்திரம் எல்லாம் வைத்து, வாரக்கணக்கில் கடலில் இருக்கக் கட்டப்பட்ட பயணப் பாய்ப்படகு. ஜனவரி முதல் மார்ச் வரை, வடகீழ்ப் பருவக் காற்றைப் பிடித்துக்கொண்டு தாய்லாந்து, மலேசியாப் பக்கமிருந்து காலிக்கு வந்து, பிறகு மாலைதீவு வழியாகச் செங்கடலுக்குப் போகும் வெள்ளைக்காரர்களின் படகுகள் இவைதான். நம் துறைமுக வாசலில் அவர்களுக்குக் கயிறும் டீசலும் விற்றவர்களுக்கு இவற்றைப் பற்றி நன்கு தெரியும்.

1950களின் இறுதி வரை இவை மரத்தால் கட்டப்பட்டன. அதன் பிறகு பைபர் கிளாஸ் வந்தது. 1959இல் அமெரிக்காவில் பியர்சன் கம்பனி வெளியிட்ட ட்ரைட்டன் என்ற 28 அடிப் படகு, பைபர் கிளாஸ் பயணப் படகுகளைத் தொகையாக உற்பத்தி செய்யலாம் என்று காட்டிய முன்னோடிகளில் ஒன்று. அக்காலத்தில் இப்புதிய பொருள் எவ்வளவு பாரம் தாங்கும் என்பதில் கட்டுபவர்களுக்கே பூரண நிச்சயம் இருக்கவில்லை. அதனால் தடிப்பாகவே பூசினார்கள். விளைவு, அறுபது வருடங்கள் கழிந்தும் அப்படகுகளின் உடல் அப்படியே இருக்கிறது. நம் மீனவர்களின் பைபர் வள்ளங்களும் அப்படித்தான். இயந்திரம் மூன்று மாறியிருக்கும், வள்ளம் மாறியிருக்காது.

இங்கேதான் மலிவு விலையின் காரணம் இருக்கிறது. உடல் அழிவதில்லை. ஆகவே பழைய படகுகள் சந்தையை விட்டு வெளியேறுவதில்லை. அவற்றின் எண்ணிக்கை குறையாமல் நிற்க, வாங்குவோர் தொகை அதற்கேற்பக் கூடவில்லை. அதேவேளை உடலைத் தவிர மற்றெல்லாம் அழிகின்றன. பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகள், பாய்கள், இயந்திரம், வயர்கள், குழாய்கள், பம்பிகள் எல்லாவற்றுக்கும் ஆயுள் உண்டு. விற்பவர் சொல்லும் விலை உடலுக்கான விலை. மற்றவற்றின் விலையைப் பிறகு நீங்கள் கட்டுவீர்கள், அல்லது உங்களுக்கு முன்னிருந்தவர் ஏற்கனவே கட்டியிருப்பார். பேரம் முழுவதும் இந்த ஒரு கேள்வியில்தான் அடங்கியிருக்கிறது.

பெயருக்கு ஒரு விலை

கிளாசிக் என்று பெயரெடுத்த படகுகள் சில இருக்கின்றன. இங்கிலாந்தில் கொன்டெஸா 32 அப்படிப்பட்டது. டேவிட் சாட்லர் வரைந்தது. லிமிங்டன் என்ற சிறு துறைமுக நகரில் ஜெரமி ரொஜர்ஸ் என்பவரின் பட்டறையில் 1970களின் தொடக்கத்திலிருந்து கட்டப்பட்டது. எழுநூறுக்கு மேல் கட்டினார்கள். 32 அடி நீளம், ஒன்பதரை அடி அகலம். மொத்தப் பாரத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவானது, ஏரா என்று ஓடாவிமார் சொல்லும் அடிக்கட்டைக்குள் இருக்கும் ஈயம். சாய்ந்தால் நிமிரும் குணம் அதனால் வருகிறது. 1979 ஓகஸ்டில் பாஸ்ட்நெட் பந்தயம் புயலில் சிக்கியது. 303 படகுகள் புறப்பட்டதில் மூன்றிலொரு பங்குகூடப் பந்தயத்தை முடிக்கவில்லை. பந்தயத்தில் கலந்துகொண்ட 15 பேர் உயிரிழந்தார்கள். மிகச் சிறிய படகுகளுக்கான பிரிவில் முடித்தது ஒன்றே ஒன்று. அது அசென்ட் என்ற கொன்டெஸா 32. அன்று கிடைத்த பெயர் இன்றும் அதன் விலையில் சேர்ந்திருக்கிறது.

அமெரிக்காவில் வெஸ்ட்செய்ல் 32. நீளம் அதேதான், ஆனால் பாரம் கொன்டெஸாவைப் போல இரண்டு மடங்குக்கு மேல். 1970களில் கலிபோர்னியாவில் கட்டப்பட்டது. 1991இல் அட்லாண்டிக்கில் வீசிய பெரும் புயலில் சடோரி என்ற வெஸ்ட்செய்லில் இருந்தவர்களை அமெரிக்கக் கரையோரக் காவல் படை மீட்டெடுத்தது. ஆளில்லாமல் விடப்பட்ட படகு பின்னர் ஒரு கடற்கரையில் பெரிய சேதமின்றி ஒதுங்கிக் கிடந்தது. ஆட்களை விடப் படகு திடமாக இருந்தது என்று அதைச் சொல்வார்கள்.

வியாபாரியாக இதில் நான் கவனிக்கும் விடயம் வேறு. வெஸ்ட்செய்லில் ஏறத்தாழ பாதி, உடலும் தட்டும் மட்டுமாக விற்கப்பட்டவை. உள்வேலையை வாங்கியவரே தன் வீட்டு முற்றத்தில் வைத்துச் செய்து கொண்டார். ஒருவர் தேர்ந்த தச்சராக இருந்திருப்பார். இன்னொருவர் சுத்தியல் பிடிக்கத் தெரியாதவராக இருந்திருப்பார். வயர் இழுத்தவரும் அவரே. இரண்டு படகுக்கும் வெளியில் ஒரே பெயர். ஆகவே நல்ல பெயர் அந்த வகைக்கு உரியது. உங்கள் முன்னால் கட்டையில் ஏற்றி வைத்திருக்கும் இந்தப் படகுக்கு உரியதல்ல. இந்தப் படகின் நிலைமையைத் தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

பத்து வீத முற்பணமும் பரிசோதனையும்

இங்கிலாந்தில் இவ்வியாபாரம் ஓர் ஒழுங்கில் நடக்கிறது. பெரும்பாலும் தரகர் மூலமாகத்தான். தரகர் விற்பவரின் ஆள். அவருடைய கூலியை விற்பவர் கொடுக்கிறார். அவர் சிரித்துப் பேசுவார், தேநீர் தருவார், ஆனால் உங்களுக்காகப் பேசமாட்டார். விலை ஒத்துக்கொண்டதும் எழுத்தில் ஒப்பந்தம் செய்து, வழமையாக 10 வீதம் முற்பணம் கட்டப்படுகிறது. ஒப்பந்தத்தில், படகு பரிசோதனைக்கு உட்பட்டது என்ற வாசகம் இருக்க வேண்டும். பரிசோதனையில் பாரிய குறை தெரிந்தால் விலகிக்கொண்டு முற்பணத்தைத் திரும்பப் பெறலாம், அல்லது விலையைக் குறைக்கக் கேட்கலாம். இந்த வாசகம் இல்லாத கடதாசியில் கையெழுத்து வைக்கக் கூடாது. முற்பணம் தரகரின் சொந்தக் கணக்குக்குப் போகிறதா, வாடிக்கையாளர் பணத்துக்கென உள்ள தனிக் கணக்குக்குப் போகிறதா என்பதையும் கேளுங்கள். நம்மில் பலர் வெட்கப்பட்டுக் கேட்பதில்லை.

பரிசோதனை செய்பவரை அங்கு சேர்வேயர் என்கிறார்கள். நம்மூரில் சேர்வேயர் என்றால் காணி அளப்பவர். இவர் படகின் வைத்தியர். அவரை நீங்களே தெரிவு செய்ய வேண்டும், தரகர் காட்டும் ஆளை எடுக்கக் கூடாது. அவருக்குக் கொடுக்கும் காசு வீண் என்று எண்ணுபவர்களுக்கு என் மருமகனின் முதல் படகைப் பற்றிச் சொல்கிறேன்.

மருமகன் சவுத்ஹம்டனில் கணக்காளராக இருக்கிறார். அவரும் அலுவலக நண்பர்கள் இருவரும் சேர்ந்து 30,000 பவுண் சேமித்திருந்தார்கள். ஹம்பிள் ஆற்றங்கரையில் ஒரு படகு முற்றத்தில் 1974இல் கட்டப்பட்ட கொன்டெஸா 32 ஒன்று விற்பனைக்கு இருந்தது. கேட்ட விலை 19,500 பவுண். கையில் பத்தாயிரத்துக்கு மேல் மிஞ்சும் என்ற சந்தோசத்தில், பேரம் பேசாமலே 1,950 பவுண் முற்பணம் கட்டிவிட்டார்கள். அவ்வாரம் நான் அங்கு போய்ச் சேர்ந்தேன்.

சேர்வேயர் அறுபது வயதைக் கடந்த மனிதர். அதிகம் பேசவில்லை. கையில் ஒரு சிறு பிளாஸ்டிக் சுத்தியல். நாம் தேங்காயைத் தட்டிப் பார்ப்பது போல, தட்டின் முன்பக்கத்திலிருந்து ஓர் அங்குலம் விடாமல் தட்டிக்கொண்டே வந்தார். நல்ல இடத்தில் ‘டக், டக்’ என்று தெளிவான சத்தம். இடப்பக்க விளிம்பில், கைப்பிடிக் கம்பிகள் திருகியிருக்கும் இடத்துக்கு வந்ததும் சத்தம் அமுங்கியது. ஈரப் பலகையைத் தட்டுவது போல. அவர் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு போட்டார். கொஞ்சம் தள்ளி இன்னொரு கோடு. மூன்றடி நீளத்துக்குக் கோடுகள் சேர்ந்து ஒரு வட்டமாயின.

இதன் காரணம் எளிமையானது. பல படகுகளின் தட்டு, பைபர் கிளாஸ் இரண்டு படைகளுக்கு நடுவில் பால்சா என்ற இலேசான மரத்தை அல்லது ஒட்டுப்பலகையை வைத்துச் செய்யப்பட்டது. பாரம் குறையும், விறைப்புக் கூடும். ஆனால் மேலே திருகும் ஒவ்வோர் ஆணியும் அந்த மரத்துக்குள் ஒரு துவாரம். ஆணியின் ஓரத்தில் பூசிய பசை பத்துப் பதினைந்து வருடத்தில் இறுகி விலகுகிறது. மழைத் தண்ணீர் இறங்குகிறது. உள்ளே மரம் உக்கிப் போகிறது. வெளியில் பெயின்ட் பளபளப்பாகவே இருக்கும். திருத்துவதென்றால் மேற்படையை வெட்டியெடுத்து, உக்கியதைச் சுரண்டி, புது மரம் வைத்து மீண்டும் பூச வேண்டும். சாமான் விலை பெரிதல்ல, கூலிதான் ஆளைக் கொல்லும்.

உடலின் அடிப்பக்கத்தில் ஈரமானியை வைத்துப் பார்த்தார். சிறு கொப்புளங்கள் சில இருந்தன. இதை ஒஸ்மோசிஸ் என்கிறார்கள். ஜெல்கோட்டுக்குள்ளால் மெல்ல மெல்லத் தண்ணீர் ஊறி, உள்ளேயுள்ள பிசினின் கரையும் பகுதியோடு சேர்ந்து புளித்த நீராகிக் கொப்புளம் தள்ளுகிறது. உடைத்து முகர்ந்தால் வினாகிரி மணம். புதிதாக வாங்குவோர் இந்தச் சொல்லைக் கேட்டதுமே ஓடிப்போகிறார்கள். அந்த மனிதர் அதற்குப் பெரிதாக முக்கியத்துவம் கொடுக்கவில்லை. பழைய தடிப்பான உடலில் சில கொப்புளங்களால் படகு தாழ்வது மிக அரிது. பேரம் பேசும்போது உதவும் என்று மட்டும் சொன்னார். அடிப்பக்கம் முழுவதும் கொப்புளமாக இருந்தால் கதை வேறு. ஜெல்கோட்டைச் சீவியெடுத்து, மாதக்கணக்கில் காயவிட்டு, எபொக்சி பூச வேண்டி வரும்.

கொப்புளத்தை விட அவரைக் கவலைப்பட வைத்தது பாய்மரக் கம்பிகள். துருப்பிடிக்காத உருக்குக் கம்பிதான், ஆனாலும் இழுவையில் களைத்து ஒருநாள் அறுந்து விழும். பத்து முதல் பதினைந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்றும்படி பல காப்புறுதிக் கம்பனிகள் கேட்கின்றன. இப்படகில் கம்பி மாற்றியதற்கு எந்தப் பற்றுச்சீட்டும் இல்லை. இருபது வருடங்களாவது இருக்கும் என்றார் சேர்வேயர். கம்பிகளை உடலோடு பிணைக்கும் தகடுகளையும் கழற்றிப் பார்க்க வேண்டும் என்று எழுதினார். துருப்பிடிக்காத உருக்கு, காற்றுப்படாத ஈர இடுக்கில் இருந்தால் துருப்பிடிக்கும். வெளியில் தெரியும் பாகம் கண்ணாடி போலிருக்கும், தட்டுக்குள் மறைந்திருக்கும் பாகம் அரித்துப் போயிருக்கும்.

இயந்திரத்தில் எனக்கே ஒரு சந்தேகம் வந்தது. அதைக் குளிராக இருக்கும்போது ஸ்டார்ட் பண்ணிக் காட்டும்படி முதல் நாளே கேட்டிருந்தோம். நாங்கள் போனபோது தொட்டுப் பார்த்தால் சூடு. வாகனம் விற்கும் நம்மவர்களும் அறிந்த வித்தைதான். மூன்று மணித்தியாலம் காத்திருந்து மீண்டும் போட்டதில் பத்து நிமிடம் வெள்ளைப் புகை. அது கடல் தண்ணீரையே உள்ளே சுற்றவிட்டுக் குளிரவைக்கும் பழைய வகை. முப்பது நாற்பது வருடம் உப்புத் தண்ணீர் ஓடிய இரும்பின் உட்பகுதியை எந்த மெக்கானிக்கும் கழுவி மீட்க முடியாது.

பரிசோதனை அறிக்கை வந்தபின் மூன்று பட்டறைகளில் விலை கேட்டோம். கம்பிகள் 3,600 பவுண். தட்டு 4,500. புது இயந்திரமும் பூட்டும் கூலியும் 9,500. பாய்கள் வெயிலில் நைந்து போயிருந்தன, புதியவை 3,800. மொத்தம் 21,400 பவுண். படகின் விலையை விடத் திருத்தும் செலவு கூட. 19,500 பவுண் படகு உண்மையில் 40,900 பவுண் படகு. அத்தனையும் செய்து முடித்தபின் விற்றாலும் அந்த விலைக்கு எவரும் வாங்கப் போவதில்லை. விற்பவர் 3,000 குறைக்கச் சம்மதித்தார், அதற்கு மேல் மாட்டேன் என்றார். விலகினோம். முற்பணம் பத்து நாளில் திரும்பி வந்தது. சேர்வேயருக்கு 650, படகைத் தண்ணீரிலிருந்து தூக்கிய கிரேனுக்கு 280, ஆக 930 பவுண் போனது. மருமகனின் நண்பர் ஒருவர் அன்றிரவு 930 பவுணை நினைத்துக் கவலைப்பட்டுக் கொண்டிருந்தார். போகவிருந்த காசைக் கணக்குப் பார்த்த எனக்குச் சிரிப்பு வந்தது.

பற்றுச்சீட்டுக் கோவை

இரண்டு மாதம் கழித்து அதே வகையில் இன்னொன்று கிடைத்தது. 1977இல் கட்டியது, கேட்ட விலை 27,000. முந்தியதை விட 7,500 கூட. பார்வைக்கு இது அவ்வளவு அழகில்லை. பக்கங்களில் நிறம் மங்கிப் போயிருந்தது, உள்ளே மெத்தை உறைகள் கிழிந்திருந்தன. ஆனால் உரிமையாளரான வயோதிபர் ஒரு தடித்த கோவையைக் கொண்டு வந்து மேசையில் வைத்தார். 2012இல் புது யன்மார் இயந்திரம், 8,200 பவுண். 2014இல் கம்பிகள் அனைத்தும், 3,100. தட்டுத் திருத்தியது 3,700. வெட்டியெடுத்த இடங்களின் படங்கள் சகிதம். 15,000 பவுண் வேலை, பற்றுச்சீட்டோடு. அதற்காக நாம் மேலதிகமாகக் கொடுப்பது 7,500. பழைய படகுச் சந்தையில் இது எப்போதும் இப்படித்தான். ஒருவர் தன் படகில் போட்ட காசு விற்கும்போது பாதியாகிவிடும். அந்தப் பாதியை இழப்பவராக இல்லாமல், பெறுபவராக இருக்கப் பாருங்கள். மங்கிய நிறத்தை ஒரு வார இறுதியில் மெருகேற்றி எடுக்கலாம். வியாபாரிகள் இதை மறக்கக் கூடாது: அழுக்கு பேரத்தில் வாங்குபவருக்குச் சாதகம், புதுப் பெயின்ட் விற்பவருக்குச் சாதகம்.

25,800க்கு ஒத்துக்கொண்டு அதே சேர்வேயரை மீண்டும் அழைத்தோம். அடிப்பகுதியில் கடல்நீரை உள்ளெடுக்கும் வால்வு இரண்டு பித்தளையாலானவை. உப்புநீரில் பித்தளையிலுள்ள நாகம் கரைந்து போய் மீதி செம்பு இளஞ்சிவப்பாகத் தெரியும். அப்படியானது ஒரு உதை தாங்காது, உடைந்தால் படகு தாழும். சமையல் வாயுக் குழாயும் பழையது. வாயு காற்றை விடப் பாரமானது, கசிந்தால் வெளியேறாமல் படகின் அடிவயிற்றில் தேங்கி நிற்கும், ஒரு தீப்பொறி போதும். இரண்டையும் காட்டி 600 குறைத்துக் கொண்டோம். 25,200 பவுணுக்கு முடிந்தது. இரண்டாவது பரிசோதனைக்கும் கிரேனுக்கும் இன்னொரு 930, வால்வும் குழாயும் மாற்றியது உட்படச் சிறு வேலைகளுக்கு 1,150. முதல் படகில் போன 930ஐயும் சேர்த்து மொத்தம் 28,210 பவுண். கையிருப்பில் 1,790 மிச்சம்.

வாங்கியதோடு செலவு முடியவில்லை என்பதையும் அந்தத் தந்தைக்குச் சொல்ல வேண்டும். படகு நிறுத்தக் கட்டணம் நீளத்தைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. அப்பகுதியில் நடைமேடையோடு கட்டி வைக்கும் இடத்துக்கு வருடத்துக்கு 6,000 பவுணுக்கு மேல் கேட்டார்கள். இவர்கள் ஆற்றின் நடுவில் மிதவையில் கட்டும் இடத்தை 1,500க்கு எடுத்தார்கள். சிறு வள்ளம் வலித்துத்தான் படகுக்குப் போக வேண்டும். காப்புறுதி, வருடம் ஒருமுறை தூக்கி அடிப்பகுதிக்குப் பூச்சு, சில்லறைத் திருத்தங்கள் எல்லாம் சேர்த்து வருடத்துக்கு ஏறத்தாழ 3,000. மூவருக்கும் தலைக்கு ஆயிரம். இதைத் தனி ஒருவர் தாங்குவதென்றால் யோசிக்க வேண்டும். காப்புறுதி இல்லாத படகை நல்ல நிறுத்துமிடங்கள் உள்ளே எடுப்பதில்லை. பழைய படகுக்குக் காப்புறுதி கொடுக்கும் கம்பனி பரிசோதனை அறிக்கையைக் கேட்கும். சேர்வேயரின் காசு அங்கேயும் பயன்படுகிறது.

படகுக்கும் உறுதி உண்டு

காணி வாங்கும்போது உறுதியைத் தேடுகிறோம், ஈடு இருக்கிறதா என்று பார்க்கிறோம். படகிலும் அப்படியே. ஐக்கிய இராச்சியத்தில் இரண்டு விதமான பதிவு இருக்கிறது. சிறு கப்பல் பதிவேடு என்பது மலிவு, இலகு. ஆனால் அது உரித்தை நிரூபிக்காது. முதலாம் பகுதிப் பதிவேடு என்பதுதான் உரித்துக்கானது. படகின் மீது கடன் ஈடு இருந்தால் அதில் பதியப்பட்டிருக்கும். முதலாம் பகுதியில் பதிந்த கப்பலின் உரித்து 64 பங்குகளாகப் பிரிக்கப்படுகிறது. பாய்க்கப்பல் காலத்திலிருந்து வரும் வழக்கம், இன்றும் மாறவில்லை. மூன்று கூட்டாளிகள் 64ஐச் சமமாகப் பிரிக்க முடியாதென்பதால் மருமகனுக்கு 22, மற்றவர்களுக்கு 21 வீதம் என்று எழுதிக் கொண்டார்கள். கூட்டு வியாபாரத்தில் பங்கு எவ்வளவு என்பதையும், ஒருவர் விலகினால் அவரது பங்கை எப்படி விலை மதிப்பது என்பதையும் முதல் நாளே எழுதி வைத்தது எனக்குப் பிடித்திருந்தது.

முந்திய உரிமையாளர்களின் விற்பனைப் பத்திரங்கள் சங்கிலித் தொடராக இருக்க வேண்டும். படகின் மீதான சில வகைக் கடன்கள் உரிமையாளரை விட்டுவிட்டுப் படகையே தொடர்ந்து வரும். திருத்திய பட்டறைக்காரர் தன் கூலி கிடைக்கும் வரை படகைத் தன் முற்றத்தில் மறித்து வைக்கலாம். ஆகவே நிறுத்துமிடத்திலும் பட்டறையிலும் நேரில் போய் பாக்கி இருக்கிறதா என்று கேளுங்கள். பெறுமதி சேர் வரி கட்டியதற்கான அத்தாட்சியும் முக்கியம். அங்கு அது 20 வீதம். கடதாசி இல்லாத படகில் அந்தச் சுமை உங்கள் தலையில் விழக்கூடும். அமெரிக்காவில் வெஸ்ட்செய்ல் மலிவாகக் கிடைக்கிறதே, கொண்டு வரலாமே என்று மருமகனின் நண்பர் கேட்டார். ஐரோப்பாவில் 1998 ஜூன் நடுப்பகுதியில் அமுலுக்கு வந்த தராதர விதிகளின்படி, அதற்கு முன்பே அங்கிருந்த பழைய படகுகளுக்கு விலக்கு உண்டு. வெளியிலிருந்து புதிதாகக் கொண்டு வரும் பழைய படகுக்கு அந்த விலக்கு இல்லை. தனியாகப் பரிசோதித்துச் சான்றிதழ் எடுக்க வேண்டும். கடல் கடந்து மலிவு விலையைத் துரத்துபவர்கள் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இனி திருகோணமலை வாசகருக்கு. உங்களுக்கு இங்கிலாந்து தூரம். லங்காவித் தீவைப் பாருங்கள். அது 1987 முதல் தீர்வையற்ற தீவு; உலகம் சுற்றக் கிளம்பியவர்கள் பலர் அங்கே வந்து சேர்ந்து, வயதாகியோ மனம் மாறியோ படகை விற்கிறார்கள். சோமாலியக் கடற்கொள்ளை உச்சத்தில் இருந்த காலத்தில், 2011 பெப்ரவரியில் குவெஸ்ட் என்ற படகிலிருந்த அமெரிக்கர் நால்வர் கொல்லப்பட்டபின், செங்கடல் வழியே வீடு திரும்பப் பலர் துணியவில்லை. 2023இன் இறுதியில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்படத் தொடங்கியதும் அதே நிலை மீண்டும் வந்தது. மேற்கே போக மனமில்லாதவருக்குக் கிழக்கிலேயே விற்க வேண்டியிருக்கிறது. வாங்குபவருக்கு அது பேரம் பேச இடம்.

ஆனால் வெப்ப நாட்டில் கிடந்த படகில் பாய், கயிறு, தட்டின் பசை ஆகியவை வெயிலால் விரைவாகக் கெடும் என்பதை மனதில் வையுங்கள். 32 அடிக் கொன்டெஸாவின் உட்புறம் ஒடுக்கமானது. மூன்று நண்பர்களுக்குப் போதும், காசு கொடுத்து வரும் பயணிகளுக்குப் போதாது. உங்கள் தொழிலுக்கு அகலமான படகுதான் தேவை. கிழக்குக் கரையில் கடல் அமைதியாக இருப்பது மே முதல் செப்டெம்பர் வரை, தெற்கிலும் மேற்கிலும் அது எதிர்மாறு. வருடம் முழுவதும் உழைக்க வேண்டுமானால் படகை இடம் மாற்ற வேண்டும், ஆளும் அதோடு போக வேண்டும். அரை வருட உழைப்பில் முழு வருடச் செலவைக் கட்டலாமா என்று முதலில் பாருங்கள். வந்துபோகும் வெளிநாட்டுப் படகு துறைமுகத்தில் தரிப்பது வேறு, இலங்கையில் வதிபவர் வாங்கிக் கொண்டு வருவது வேறு, பின்னது இறக்குமதி. சுங்கத்தில் தீர்வையையும், பயணிகளை ஏற்றுவதற்கான அனுமதியையும் எழுத்து மூலம் கேட்டு, பதில் கைக்கு வந்தபின் லங்காவிக்குப் பயணச்சீட்டு எடுங்கள். போகும்போது சேர்வேயரையும் ஏற்பாடு செய்து, படகைத் தூக்கும் நாளையும் முன்கூட்டியே ஒதுக்கிக் கொண்டு போங்கள். அங்குள்ள கிரேன்களுக்குப் பருவத்தில் வரிசை நீளம்.